முஷிஷிக்கு அப்புறம் என்ன பார்ப்பது?

‘முஷிஷி’ என்ற அனிமே தொடரைப் பார்த்து முடித்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இதே மாதிரி வேறு எது இருக்கிறது?” ஓடிடி செயலியிடம் கேட்டால் தயங்காமல் பதில் வரும். அமானுஷ்யம், மர்மம், பழைய ஜப்பான் என்று மூன்று குறிச்சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வரிசையை நீட்டும். அதில் பேயை வாளால் வெட்டுகிற தொடர்கள்தான் முன்னால் நிற்கும். முஷிஷியின் நாயகனிடம் வாளே கிடையாது.

கதை எதைப் பற்றியது என்பதை மட்டும்தான் குறிச்சொல் சொல்லும். படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது, கதை எவ்வளவு நிதானமாக நகர்கிறது, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடங்காது. ஒரு அனிமே நம் மனசில் ஒட்டிக்கொள்வதோ இவற்றால்தான். ஆகவே ஒருவருக்குப் பரிந்துரை சொல்வதற்கு முன்னால், அவருக்குப் பிடித்தது தொடரின் எந்த அடுக்கு என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். முஷிஷியையே எடுத்துப் பிரிப்போம்.

யூகி உருஷிபாரா 1999 முதல் 2008 வரை வரைந்த மாங்கா இது. கோடன்ஷா நிறுவனத்தின் ‘ஆஃப்டர்நூன்’ இதழ்களில் வந்து பத்துத் தொகுதிகளாக முடிந்தது. 2005இல் ஹிரோஷி நாகஹாமாவின் இயக்கத்தில் ஆர்ட்லாண்ட் ஸ்டூடியோ அதை 26 அத்தியாயங்கள் கொண்ட தொடராக்கியது. 2014இல் இரண்டாவது சீசனும் வந்தது. ‘முஷி’ என்பவை செடியும் இல்லை, விலங்கும் இல்லை, பேயும் இல்லை. உயிர்களின் வரிசையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஏதோ ஒன்று. பெரும்பாலான மனிதர்களின் கண்ணுக்குத் தெரியாது. அவை மனிதரோடு உரசும்போது ஒருவருக்குக் காது கேட்காமல் போகிறது, ஒருவருக்குக் கனவெல்லாம் பலிக்கிறது, ஒரு சிறுமிக்கு வெளிச்சமே ஆகாமல் போகிறது. வெள்ளை முடியும் ஒற்றைப் பச்சைக் கண்ணும் கொண்ட கிங்கோ, முதுகில் மரப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய் இதற்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறான். நம் பக்கத்துப் பழைய நாட்டு வைத்தியர்களைப் போல அவன் கையில் இருப்பது பாதி மருந்து, பாதி கேள்வி ஞானம். எந்த ஊரிலும் அவனால் நிலையாகத் தங்க முடியாது. அவன் உடம்பு முஷிகளை ஈர்க்கும் உடம்பு. எப்போதும் வாயில் புகைந்துகொண்டிருப்பது அவற்றை விரட்டத்தான்.

இதில் முதல் அடுக்கு படம். பாசி, ஈர மண், மூடுபனி, பழைய மரச்சுவர் என்று நிறமெல்லாம் தணிந்தே இருக்கும். பின்னணி ஓவியத்தில் அத்தனை உழைப்பு. மனித முகங்களிலோ ரொம்பச் சிக்கனம். ஒரு கதையில் வந்த பெண்ணும் இன்னொரு கதையில் வரும் பெண்ணும் அக்கா தங்கை மாதிரி இருப்பார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் அந்த எளிமையால்தான் நம் கண் முகத்தில் தங்காமல் பின்னால் இருக்கும் மலைக்குப் போகிறது. கதையும் அந்த மலையைப் பற்றியதுதான்.

அனிமேயில் ‘ஸ்டைல்’ என்று நாம் மொத்தமாகச் சொல்வது ஒரே ஆளின் வேலை அல்ல. பின்னணி உலகத்தைத் தீர்மானிப்பவர் கலை இயக்குநர். முஷிஷியில் அவர் தகேஷி வாகி. முகமும் உடம்பும் கதாபாத்திர வடிவமைப்பாளருடையது. எந்தக் காட்சியில் தோலும் துணியும் எந்த நிறம் என்று முடிவெடுக்கத் தனியாக ஒருவர். வரைந்த அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்து வெளிச்சம், புகை, மங்கல் எல்லாம் போடுவது இன்னொரு பிரிவு; ஜப்பானியர்கள் அதை இன்றும் படப்பிடிப்பு என்றே சொல்கிறார்கள். அத்தியாயங்களை எந்த வரிசையில், எந்த அளவில் சொல்வது என்று அமைப்பவர் வேறொருவர். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இந்தப் பெயர்கள் ஓடும். நாம்தான் அதற்குள் அடுத்த அத்தியாயத்துக்கான பொத்தானை அமுக்கிவிடுகிறோம்.

இரண்டாவது அடுக்கு கதை சொல்லும் முறை. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கதை, அது அங்கேயே முடிந்துவிடும். நாயகனுக்குப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. அவனுடைய சொந்தக் கதையே பன்னிரண்டாவது அத்தியாயத்தில்தான் வருகிறது, அதுவும் ஒரே அத்தியாயம். தொஷியோ மசுதா ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவுக்கும் தனித்தனியாக இசை அமைத்திருக்கிறார். வழக்கமான முடிவுப் பாட்டு கிடையாது. கதையின் மனநிலை கலையாமல் அப்படியே மெதுவாக அணைவதற்கு இது எவ்வளவு உதவுகிறது என்பது, மற்ற தொடர்களில் துள்ளல் பாட்டு வந்து மனநிலையைக் கெடுக்கும்போதுதான் புரியும்.

மூன்றாவது அடுக்கு பார்வை. இங்கே வில்லன் இல்லை. முஷி யாரையும் வேண்டுமென்று கெடுப்பதில்லை, அது தன் பிழைப்பைப் பார்க்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் பனி மூடிய ஒரு ஊரில் சத்தங்கள் காணாமல் போகின்றன. சத்தத்தைத் தின்று வாழும் முஷி ஒன்று காதுக்குள் குடியேறியிருக்கிறது. ஒரு சிறுவனுக்கு நேர்மாறான நோய். நெற்றியில் கொம்பு முளைத்து, கேட்கக் கூடாத சத்தமெல்லாம் கேட்கிறது. வைத்தியம் அவன் உள்ளங்கையிலேயே இருக்கிறது. யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. சில கதைகளில் கிங்கோ தோற்றும் போகிறான். கதை அவனை அதற்காகக் குற்றம் சொல்வதில்லை.

சரி, இந்த மூன்றும் ஒரே இடத்தில் இன்னொரு முறை கிடைக்குமா? அதே ஸ்டூடியோவைத் தேடினால் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்ட்லாண்ட் 2006இல் தொடங்கிய ‘ரீபார்ன்!’, மாஃபியா வாரிசாகப் பயிற்சி பெறும் ஒரு பள்ளி மாணவனின் சண்டைத் தொடர். இருநூறு அத்தியாயங்களுக்கு மேல் ஓடியது. முஷிஷியோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. அதே இயக்குநரைத் தேடினால்? நாகஹாமா 2013இல் எடுத்த ‘அகு நோ ஹானா’வில், நடிகர்களைக் கேமராவில் எடுத்து அதன் மேல் பிரேம் பிரேமாக வரைந்தார். ரோட்டோஸ்கோப் என்பார்கள். ஷூஸோ ஓஷிமியின் மாங்காவில் இருந்த அழகான முகங்கள் காணோம் என்று ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். நிஜமாகவே அவலட்சணமான, நிஜமாகவே துணிச்சலான தொடர் அது. நீண்ட மௌனத்தை நம்புகிற அந்தக் கை மட்டும் இரண்டிலும் ஒன்று. முஷிஷியில் அமைதி தேடியவருக்கு அதைக் கொடுத்தால் நம் மேல் கோபப்படுவார்.

ஸ்டூடியோ பெயர் சில இடங்களில் உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தது. அதன் வெளிச்சமும் கேமரா சுழற்சியும் பிடித்துப்போனவருக்கு, யூஃபோடேபிள் ஸ்டூடியோவின் ‘காரா நோ க்யோகாய்’ படங்களையும் 2011இன் ‘ஃபேட்/ஜீரோ’வையும் தைரியமாகச் சொல்லலாம். அந்த ஸ்டூடியோ படச்சேர்க்கை வேலையையும் முப்பரிமாண வேலையையும் சொந்தக் கூரைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே இயக்குநர் மாறினாலும் வெளிச்சம் மாறுவதில்லை. ஆனால் எல்லா ஸ்டூடியோவும் அப்படி நடப்பதில்லை.

முஷிஷிக்கு வருவோம். படமும் மனநிலையும் பிடித்தவருக்கு முதலில் சொல்ல வேண்டியது ‘நட்சுமே யூஜின்சோ’. யூகி மிதோரிகாவா 2003இல் தொடங்கிய மாங்கா. 2008இல் தகஹிரோ ஓமோரி இயக்கத்தில் தொலைக்காட்சிக்கு வந்து, 2024இல் ஏழாவது சீசன் வரை வந்திருக்கிறது. தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த நட்சுமே என்ற பையனுக்கு, யாருக்கும் தெரியாத யோகாய் என்ற ஆவிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவனுடைய பாட்டி ரெய்கோ அவற்றைப் போட்டியில் தோற்கடித்து, பெயர்களை எழுதி வாங்கிய ஏடு இப்போது அவன் கையில். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பதுதான் தொடர். வயலும் ஓடையும் கோயில் படிக்கட்டுமாகப் பின்னணி எல்லாம் வெளிர்ப் பச்சை. முஷிஷியில் இருக்கும் ஈரம் இங்கே கொஞ்சம் வெயில் பட்டுக் காய்ந்திருக்கும்.

முதல் சீசனின் இரண்டாவது அத்தியாயத்தில் உள்ளங்கை உயரத்துக்குச் சுருங்கிப்போன ஒரு சிறு தெய்வம் வருகிறது. ஒருகாலத்தில் ஊரே கும்பிட்ட தெய்வம். கும்பிடுபவர் குறையக் குறைய உடம்பும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இப்போது படையல் வைப்பது ஒரே ஒரு வயதான அம்மாள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஓமோரியை நம்பி அவருடைய மற்ற தொடர்களுக்குப் போனால் அங்கேயும் ஏமாற்றம்தான். ‘பக்கானோ!’, ‘துராராரா!!’ இரண்டும் அவருடையவை. இரண்டும் அடிதடி, நெரிசல், காலத்தை முன்னும் பின்னும் குலுக்கிப் போடும் கதைகள். நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு உலகம். மிதோரிகாவாவின் கதையை அவர் எடுத்த இன்னொரு படம் உண்டு: 2011இன் ‘ஹோதாருபி நோ மோரி ஏ’. முக்கால் மணி நேரம்தான். காட்டில் வழி தவறிய சிறுமிக்கும், மனிதர் தொட்டால் மறைந்துவிடும் ஒரு பையனுக்கும் இடையே கோடைக்குக் கோடை வளரும் நட்பு. தொடர் பார்க்க நேரமில்லை என்பவருக்கு இதைக் கொடுங்கள்.

நட்சுமே விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அது ஆறுதல் தருகிற தொடர். பையனுக்கு ஒரு வீடு கிடைக்கிறது, நண்பர்கள் கிடைக்கிறார்கள், குண்டுப் பூனை உருவத்தில் ஒரு காவலனும் கிடைக்கிறான். முஷிஷியில் அந்த ஆறுதல் இல்லை. முஷிஷியின் குளிர்ச்சிதான் பிடித்தது என்பவருக்கு நட்சுமே இரண்டாவது சீசனிலேயே திகட்டத் தொடங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு நான் கைகாட்டுவது ‘மோனோனோகே’. இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இது மியாசாகியின் 1997ஆம் வருடப் படமான ‘பிரின்சஸ் மோனோனோகே’ அல்ல. 2007இல் தோயி அனிமேஷன் தயாரித்து, கென்ஜி நகாமுரா இயக்கிய 12 அத்தியாயத் தொடர். ‘அயகாஷி’ என்ற திகில் தொடரில் வந்த பூனைப்பேய்க் கதையிலிருந்து கிளைத்தது.

முதல் பார்வையில் இதை முஷிஷியோடு சேர்த்துச் சொல்பவரைப் பைத்தியம் என்றுதான் நினைப்பீர்கள். அங்கே பாசி நிறம், இங்கே கண்ணைக் குத்தும் சிவப்பும் தங்கமும். காட்சி முழுக்க ஜப்பானியக் கைக்காகிதத்தின் சொரசொரப்பு, பழைய மர அச்சுப் படங்களின் தட்டையான உருவங்கள், சுவருக்குச் சுவர் மாறும் பூவேலைப்பாடு. கதவுகள் திறந்து மூடுவதே ஒரு நாடகம். ஆனால் கதையைப் பாருங்கள். ஊர் ஊராகத் திரியும் மருந்து வியாபாரி ஒருவன். அவனுக்கும் முதுகில் பெட்டி. எங்கே போனாலும் அங்கே ஏதோ ஒன்று மனிதரைப் பிடித்திருக்கிறது. அவனிடம் வாள் இருக்கிறது, ஆனால் நினைத்தபோது உருவ முடியாது. அந்தப் பேயின் உருவம் என்ன, நடந்த உண்மை என்ன, அதன் மனக்குறை என்ன என்று மூன்றையும் கண்டுபிடித்த பிறகுதான் உறை திறக்கும். ஆகவே ஒவ்வொரு கதையும் ஒரு விசாரணை. அங்கே இருக்கும் மனிதர்கள் பொய் சொல்வார்கள், மறைப்பார்கள், ஒவ்வொருவராக உடைவார்கள். கடைசியில் பேயைவிட அதை உண்டாக்கியவர்கள்தான் பயமுறுத்துவார்கள்.

முதல் கதையில் மழை இரவில் ஒரு கர்ப்பிணி விடுதி ஒன்றில் இடம் கேட்டு வருகிறாள். அந்த விடுதி முன்பு என்னவாக இருந்தது என்பதிலிருந்துதான் பேய் பிறக்கிறது. எட்டு, ஒன்பதாம் அத்தியாயங்களில் வரும் கதையில் வாசனைத் திரவியங்களை முகர்ந்து பெயர் சொல்லும் ஒரு போட்டி. படமே சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. வாசனை பிடிபடும்போது மட்டும் நிறம் வந்து போகிறது. மூக்கால் அறிவதைக் கண்ணுக்குக் காட்ட இதைவிட நல்ல வழியை நான் அனிமேயில் பார்த்ததில்லை. படம் கதைக்கு அலங்காரமாக இல்லாமல், கதையைச் சொல்வதே படம்தான் என்ற இடத்தில் இந்த இரண்டு தொடர்களும் சந்திக்கின்றன. 2024இல் இதற்குத் திரைப்படமும் வந்தது. அதில் மருந்து வியாபாரிக்குக் குரல் கொடுத்த ஹிரோஷி கமியாதான் நட்சுமேவின் குரலும். நட்சுமே ரசிகர்களுக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சியாக இருக்கலாம்.

பயணமும் பார்வையும்தான் பிடித்தது என்பவருக்கு ‘கினோவின் பயணம்’. கெய்இச்சி சிக்சாவா 2000இல் தொடங்கிய நாவல் வரிசை. அனிமே இரண்டு முறை வந்திருக்கிறது. 2003இல் ரியூதாரோ நகாமுரா இயக்கிய 13 அத்தியாயங்களைப் பாருங்கள். 2017இன் மறுவடிவம் பளபளப்பானது, அவ்வளவுதான். கினோவும், ஹெர்மெஸ் என்ற பேசும் மோட்டார் சைக்கிளும் நாடு நாடாகப் போகிறார்கள். எந்த நாட்டிலும் மூன்று நாள், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விசித்திரமான சட்டம். ஒரு நாட்டில் குழந்தைகளுக்குப் பெரியவர்களாக ஆவதற்கு மூளையில் அறுவை சிகிச்சை. இரண்டு நாடுகள் தங்களுக்குள் போரை நிறுத்திவிட்டுப் பெருமையோடு அருங்காட்சியகம் வைத்திருக்கின்றன. நிறுத்தக் கண்டுபிடித்த வழி, மூன்றாவது ஒரு இனத்து மக்களைப் போட்டி போட்டு வேட்டையாடுவது. கிங்கோ வைத்தியம் செய்கிறான்; கினோ பார்த்துவிட்டுப் போகிறாள். அந்த வித்தியாசம் சிலருக்குத் தாங்காது. படத்தின் மேல் பழைய டிவியில் தெரிவது போன்ற கிடைக்கோடுகளை வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். டவுன்லோட் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

இந்த நகாமுராவின் வழியாக இன்னொரு நல்ல தொடருக்குப் போகலாம். அவர் 1998இல் இயக்கிய ‘சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்’ தொடரில் கதாபாத்திரங்களை வடிவமைத்தவர் யோஷிதோஷி ஆபே. அந்த ஆபே தானே எழுதி உருவாக்கியது 2002இன் ‘ஹைபானே ரென்மெய்’. மதில் சூழ்ந்த ஒரு ஊர். கூட்டிலிருந்து பிறக்கும், சிறகு முளைத்த பெண்கள். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தொடர் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை. பழுப்பு நிறம், பழைய துணி, ரொட்டிக்கடை. மெதுவாகத் தொடங்கி நடுவில் மனசைப் பிசையும். முஷிஷியைப் போல அத்தியாயத்துக்கு ஒரு கதை இல்லை என்பதால், விட்டு விட்டுப் பார்ப்பவருக்கு ஒத்துவராது. ‘லெய்ன்’ இணையமும் நகரமும் மின்கம்பியுமாக இருக்கும்; அமைதி தேடுபவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

2017இன் ‘ஷோஜோ ஷூமாத்சு ரியோகோ’வையும் விட்டுவிடக் கூடாது. உலகம் அழிந்த பிறகு இரண்டு பெண்கள் ஒரு பழைய ராணுவ வண்டியில், அடுக்கடுக்கான நகரத்தில் சோறும் பெட்ரோலும் தேடிப் போகிறார்கள். முகங்கள் மாவுருண்டை மாதிரி, பின்னணியோ பிரம்மாண்டமான சாம்பல் கட்டடங்கள். முஷிஷியில் மலை செய்கிற வேலையை இங்கே கான்கிரீட் செய்கிறது. எடோ காலத்து வாழ்க்கைதான் வேண்டும், பேய் வேண்டாம் என்பவருக்கு 2010இன் ‘சராய்யா கோயோ’: கூச்ச சுபாவமுள்ள ஒரு சாமுராய், ஆள்கடத்தும் கும்பலில் சேர்ந்துவிடுகிற கதை. நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். எல்லோருக்கும் பொறுக்காது.

வேண்டாம் என்று சொல்வதும் பரிந்துரையில் ஒரு பாதி. ‘டோரோரோ’ அடிக்கடி இந்த வரிசையில் வரும்: பழைய ஜப்பான், நாடோடி, பேய்கள், எல்லாம் சரி. ஆனால் அது தெசுகாவின் மாங்காவிலிருந்து வந்த, ரத்தமும் பழிவாங்கலும் நிறைந்த கதை. தன் உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மீட்கும் நாயகனுக்கு ஓர் இலக்கு இருக்கிறது. இலக்கு வந்துவிட்டாலே வேகம் வந்துவிடும். நல்ல தொடர், இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல.

ஆகவே யாராவது “இதே மாதிரி” என்று கேட்டால், உடனே பெயர் சொல்லாமல் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: “அதில் உனக்கு எந்த அத்தியாயம் பிடித்தது?” தொடர் ஏன் பிடித்தது என்று கேட்டால் எல்லோரும் “நல்லா இருந்தது” என்பார்கள். அத்தியாயத்தைக் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். பனி பெய்த காட்சியைச் சொல்கிறவருக்குப் படம் பிடித்திருக்கிறது. தன் உடம்பில் அடைபட்ட முஷியை எழுத்தாக எழுதி எழுதியே அடக்கும் தன்யூவின் கதையைச் சொல்கிறவருக்குக் கட்டமைப்பு பிடித்திருக்கிறது. கிங்கோ தோற்ற கதையைச் சொல்கிறவருக்குப் பார்வை பிடித்திருக்கிறது.

பரிந்துரைக்கும்போது தொடரின் பெயரோடு, எந்த அத்தியாயத்தை முதலில் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கதை என்ற அமைப்பில் இருக்கும் வசதியே அதுதான். ‘நட்சுமே’வுக்கு முதல் சீசனின் இரண்டாவது, 2003 ‘கினோ’வுக்கு நான்காவது, ‘மோனோனோகே’வுக்கு எட்டும் ஒன்பதும். அதற்கு மேலும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.